நோட்டட் சார்!

2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் ஒரு தம்பதி வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்டார்கள். வழிகாட்டியது ஒரு வாட்ஸ்அப் குழு. ஆயிரம் பேருக்கு மேல் உறுப்பினர்களாம். விஷயம் வெளியே வந்ததும் சுகாதாரத் துறை பதறிப்போனது. போலீசில் புகார், விசாரணை, தொலைக்காட்சியில் விவாதம். “செல்போனைப் பார்த்துப் பிரசவமா? அநியாயமாக இருக்கிறதே!” என்று தமிழ்நாடே வாயில் கை வைத்தது.

வைக்க வேண்டியதுதான். பிரசவம் விளையாட்டுக் காரியமா என்ன? அந்த ஆத்திரத்தில் துறை தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்க மறந்துவிட்டது. அதற்குள்ளும் ஒரு செல்போன் இருக்கிறது. அதிலும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆள் இல்லாத ஆஸ்பத்திரிகளில் அந்தக் குழுவை நம்பித்தான் மாவட்டம் மாவட்டமாகப் பிரசவம் நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் செய்தவர்களுக்குக் கிடைத்தது போலீஸ். துறைக்குக் கிடைப்பது ‘புதுமை முயற்சி’ என்று பாராட்டுப் பத்திரம்.

“அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார் எவரோ, எங்கள் குழுவில் இருப்பவர்கள் டாக்டர்கள்” என்பார்கள். உண்மைதான். என் கோபமே அங்கேதான் தொடங்குகிறது. நிஜமான டாக்டர்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களை நோயாளியின் பக்கத்தில் நிறுத்தாமல் போனுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே!

முதலில், மரியாதை பெற வேண்டியவர்களுக்கு மரியாதையைச் செய்துவிடலாம். ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய வால்வில் கோளாறு, ஏற்கெனவே சிசேரியன் ஆனவர் என்று ‘ஹை ரிஸ்க் மதர்’ பட்டியலில் வரும் தாய்மார்களுக்காக ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையும் தாலுகா ஆஸ்பத்திரி டாக்டரையும் சீமாங் எனும் அவசர மகப்பேறு மையத்தையும் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரையும் ஒரே குழுவில் சேர்ப்பது உருப்படியான யோசனை. முன்பெல்லாம் ரெஃபரல் சீட்டில் ‘உயர் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சீட்டோடு தாய் வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கே விஷயம் தெரியும். இப்போது ரத்தப் பரிசோதனை முடிவும் ஸ்கேன் படமும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அங்கே தியேட்டரைத் தயார் செய்கிறார்கள். இதனால் பிழைத்த உயிர்கள் உண்டு. அவற்றைப் பிழைக்க வைத்தவர்கள், நள்ளிரவில் போன் அதிர்ந்ததும் எழுந்து உட்கார்ந்து பதில் போட்ட டாக்டர்கள்.

அவர்கள் போட்ட முதலீடு சொந்த போன், சொந்த டேட்டா, சொந்தத் தூக்கம். அரசாங்கத்துக்குப் பைசா செலவில்லை. இந்த ஏற்பாட்டின் மேல் அரசாங்கத்துக்கு இத்தனை காதல் வந்ததற்குக் காரணமும் அதுதான்.

ஒரு குழுவுக்குள் நுழைந்து ஓர் இரவைப் பார்ப்போம். இது கற்பனை. ஆனால் கிராமத்தில் வேலை பார்க்கும் எந்த அரசு டாக்டரிடமாவது காட்டுங்கள், “எங்கள் குழு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?” என்று கேட்பார். பிக்மி என்பது கர்ப்பிணிகளைப் பதியும் அரசுத் தளம், வி.ஹெச்.என். என்பது கிராம சுகாதார செவிலியர், ஹெச்.பி. என்பது ஹீமோகுளோபின்.

இரவு 1.12, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்: “மேடம், 24 வயது. ரெண்டாவது பிரசவம். நார்மல் டெலிவரி ஆகி 20 நிமிஷம். ப்ளீடிங் நிக்கல. பி.பி. 80/50. பல்ஸ் 130. ஆக்சிடோசின் போயிட்டிருக்கு. 108 கூப்பிட்டாச்சு.”

1.13, மருத்துவக் கல்லூரி மகப்பேறு மருத்துவர்: “யூட்ரஸ் மசாஜை விடாதீங்கம்மா. ரெண்டு கையிலும் லைன் போடுங்க. டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், பத்து நிமிஷத்துல ஏத்துங்க. நிக்கலன்னா காண்டம் டாம்பனாட் வெச்சு அனுப்புங்க. நான் லேபர் வார்டுலதான் இருக்கேன்.”

1.16, மாவட்ட அலுவலகம்: “பிக்மி எண் குறிப்பிடவும்.”

1.17, மாவட்ட அலுவலகம்: “பிக்மி எண் இல்லாமல் கேஸ் விவரம் பதிவிட வேண்டாம் என ஏற்கெனவே அறிவுறுத்தப்பட்டுள்ளது.”

1.17 முதல் 1.21 வரை, பதினோரு பேர்: “நோட்டட் சார்.”

1.22, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்: “ஓ நெகட்டிவ் எங்க இருக்கு? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.”

1.25, உயர் அலுவலர்: “எந்த சப் சென்டர்? வி.ஹெச்.என். யார்? ஹெச்.பி. ஏன் 8-க்கு மேல் ஏற்றப்படவில்லை? காலை 10 மணிக்குள் எழுத்துமூலம் விளக்கம் தேவை.”

1.26, ஒன்பது பேர்: “நோட்டட் சார்.”

1.31, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்: “108 வர இன்னும் 35 நிமிஷம் ஆகுமாம்.”

இதற்குப் பதில் இல்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள். நீலக் குறி விழுந்திருக்கிறது.

காலை 6.00, யாரோ ஒருவர்: ரோஜாப்பூ படம், அதன் மேல் ‘இனிய காலை வணக்கம்’.

இந்த உரையாடலில் மருத்துவம் ஒரே ஒரு இடத்தில்தான் நடந்திருக்கிறது, 1.13-க்கு வந்த பதிலில். ஒரு நிமிடத்தில், நான்கைந்து வரியில், ஒரு நிபுணரின் அனுபவம் முழுவதும் அந்த இளம் டாக்டரின் கைக்கு வந்துவிட்டது. தொழில்நுட்பம் தன் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டது. அதற்குப் பிறகு வேண்டியிருந்தது ரத்தம், வண்டி, ஆள். அந்த மூன்றும் அரசாங்கத்தின் வேலை. அந்த இடத்தில்தான் குழு முழுவதும் ‘நோட்டட் சார்’ ஆகிவிட்டது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்த ரத்தக்குழாய்கள் மூடும். சுருங்காவிட்டால் திறந்தபடியே கிடக்கும். ரத்தப்போக்கு தொடங்கி உயிர் போக சராசரியாக 2 மணி நேரம் என்பது மகப்பேறு மருத்துவம் படிக்கும் மாணவருக்குச் சொல்லித்தரும் பாலபாடம். அந்த 2 மணி நேரத்தில் 35 நிமிடத்தை வண்டிக்குக் காத்திருந்து கழிக்கச் சொல்கிறீர்கள். ஐந்து நிமிடம் எண் கேட்டீர்கள். விளக்கம் எழுத மட்டும் காலை 10 மணி வரை தாராளமாக நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

தாலுகா ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருப்பது ரத்த வங்கி இல்லை, ரத்த சேமிப்பு மையம். குளிர்பதனப் பெட்டி இருக்கும். அதற்குள் எந்த க்ரூப்பில் எத்தனை யூனிட் இருக்கிறது என்பது அன்றைக்கு வந்து சேர்ந்த தாயின் ராசி. சிசேரியன் செய்ய மகப்பேறு மருத்துவர் இருப்பார், மயக்க மருத்துவர் இருக்க மாட்டார். கேஸுக்கு இவ்வளவு என்று வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடும் ஏற்பாடு உண்டு. அவர் அந்த நேரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் வேறொரு சிசேரியனில் இருப்பார். மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட 2021–22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். நாட்டின் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான மகப்பேறு மருத்துவர்களில் 74.2 சதவீதம் பேர் இல்லை. நான்கு நாற்காலி போட்டால் மூன்று காலி. காலி நாற்காலியைக் குழுவில் சேர்க்க முடியாது. அதனால் இருக்கிற ஒருவரையே நான்கு குழுவில் சேர்த்துவிடுகிறார்கள்.

இப்போது ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாமாம். தாலுகா ஆஸ்பத்திரிக்கு இரவுப் பணிக்கு ஒரு மயக்க மருத்துவரைச் சேர்க்க முடியாத அரசாங்கத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இந்தக் குழுக்களில் செய்தி ஓடும் திசையையும் கவனிக்க வேண்டும். தாயைப் பற்றிய தகவல் மேலே போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய் எடை பார்த்து, பி.பி. பார்த்து, நோட்டில் எழுதி, அதையே பிக்மியில் ஏற்றி, தடுப்பூசியை யூவின் தளத்தில் ஏற்றி, பிறகு எல்லாவற்றையும் படம் எடுத்துக் குழுவிலும் போட வேண்டும். நாள் தவறாமல் அறிக்கை. போடாதவர் பெயர் சிவப்பு எழுத்தில். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கவே பிக்மி எண் வேண்டும் என்று 2017-லேயே ஆக்கிவிட்டார்கள். எண் இல்லாமல் பிறக்கிற குழந்தை, பிறந்ததாகவே கணக்கில்லை. இத்தனை தகவலும் ஏறிப்போன பாதையில் கீழே ஏதாவது இறங்கி வருகிறதா? வரும். மெமோ வரும்.

தகவல் கீழே வராமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சாத்தூரில் பார்த்தோம். 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றினார்கள். அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016-ல் ஒருமுறை ரத்தம் கொடுத்தபோதே அவருக்குத் தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் அவர் மறுபடியும் கொடுத்தார். 2016-ல் வாட்ஸ்அப் இருந்தது, போன் இருந்தது, தபால் அட்டைகூட இருந்தது. மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையாக இருந்திருந்தால் அன்று மாலையே மூன்று பிரதிகளில் போயிருக்கும். அனுப்ப வேண்டியது ஒரு சாதாரண மனிதருக்கு. அதனால் இரண்டு ஆண்டுகளாகப் போகவில்லை.

அடுத்தது பொறுப்பு. தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25-ல், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், வெளியிட்டது. வாட்ஸ்அப் வழியாகவும் ஆலோசனை சொல்லலாம், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. நல்லது. கூடவே, ஆலோசனை கேட்ட டாக்டரே சிகிச்சைக்குப் பொறுப்பு என்றும் இருக்கிறது. சட்டப்படி இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நோயாளியின் அருகில் இருப்பவர்தானே பொறுப்பேற்க வேண்டும்? ஆனால் நம் ஊரில் இது நடைமுறைக்கு வரும்போது, அறிவுரை சொல்ல நூறு பேர், அகப்படுவதற்கு ஒருவர் என்று ஆகிவிடுகிறது. தாய் பிழைத்தால் ‘மாவட்ட நிர்வாகத்தின் தொடர் கண்காணிப்பால்’ பிழைத்தார். இறந்தால் ‘பணியிலிருந்த மருத்துவரின் கவனக்குறைவால்’ இறந்தார். குழுவில் போட்ட செய்தி நேரத்தோடு அப்படியே இருக்கிறதல்லவா? அதை எடுத்து, அரசு ஊழியர் ஒழுங்கு விதி 17(பி)-யின்படி வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையோடு இணைத்துவிடலாம். உயிரைக் காப்பாற்றக் கேட்ட உதவியே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். ஓ நெகட்டிவ் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வராததும் அதே திரையில்தான் இருக்கிறது. அதற்கு எந்த விதியின் கீழும் குறிப்பாணை கிடையாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. சுகாதாரத் துறைக்கு இளைத்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் வி.ஹெச்.என்.னும்.

இதன் விளைவு என்ன? புத்தியுள்ள டாக்டர் இரண்டு வேலை செய்வார். ஒன்று, பிரச்சினையைக் குழுவில் போடாமல் தெரிந்த சீனியரைத் தனியாக அழைத்துக் கேட்பார். இன்னொன்று, தன்னால் பார்க்க முடிகிற பிரசவத்தையும் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதி மேலே தள்ளிவிடுவார். தள்ளிவிட்டால் இறப்பு அடுத்தவர் கணக்கு. அடுத்தவரும் அதையே நினைப்பார். வலியோடு வந்த பெண், ஒரு ஆம்புலன்ஸிலிருந்து இன்னொரு ஆம்புலன்ஸுக்கு மாறி மாறி மாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்பாள். பயத்தை வைத்து நடத்தும் குழுவில் உண்மை பதிவாகாது, ‘நோட்டட் சார்’தான் பதிவாகும்.

யாரையும் பயமுறுத்தாமல் தாய்மார் மரணங்களிலிருந்து பாடம் கற்க முடியும் என்பதற்குச் சான்று தேட லண்டன் வரை போக வேண்டாம். இங்கிலாந்தில் 1952-லிருந்தே தாய்மார் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறார்கள் என்பது வேறு விஷயம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரள மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு 2004-ல் இப்படியொரு ஆய்வைத் தொடங்கியது. தாயின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர், டாக்டரின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ‘இந்தத் தாய் ஏன் இறந்தார், அடுத்தவரைக் காப்பாற்ற என்ன செய்யலாம்’ என்று மட்டும் கேட்கிறார்கள். விடை எல்லா டாக்டர்களுக்கும் போகிறது. யாருக்கும் மெமோ போவதில்லை. தமிழ்நாடும் 1990-களிலேயே மகப்பேறு மரணத் தணிக்கையைத் தொடங்கிய மாநிலம்தான். பெருமைப்பட வேண்டிய விஷயம். அந்தத் தணிக்கை நாளடைவில் குற்றவாளிக் கூண்டாகிவிட்டது என்று அரசு மருத்துவர் சங்கங்களே எதிர்த்துப் போராடும் அளவுக்குக் கொண்டுவந்தது யார்?

இத்தனையிலும் யாரையும் கேட்காமல் குழுவில் உலவுகிற ஒருத்தி இருக்கிறாள், அந்தத் தாய். அவள் பெயர், வயது, கணவர் பெயர், ஊர், போன் எண், எத்தனையாவது கர்ப்பம், முன்பு கலைந்ததா கலைத்ததா, எல்லாம் குழுவில் இருக்கிறது. லேபர் டேபிளில் கிடக்கும் படம்கூட வந்துவிடுவதுண்டு. எச்.ஐ.வி. நிலையை அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்தது. தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-ல் இன்னொரு சட்டம் வந்தது. குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் டாக்டர், எத்தனை பேர் புள்ளிவிவரக் கணக்கர், எத்தனை பேர் மாற்றலாகிப் போயும் நீக்கப்படாமல் இருப்பவர்கள் என்று அட்மினுக்கே தெரியாது. அந்தப் படங்கள் அத்தனை பேரின் போன் கேலரியிலும், குடும்பச் சுற்றுலாப் படங்களுக்கு நடுவே தானாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அமைச்சர் வீட்டுப் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட் இப்படி ஒரு குழுவில் வருமா? வராது. ஏழைக்கு மட்டும் அந்தரங்கம் ஆடம்பரம்.

இனி, வாட்ஸ்அப்தான் தாய்மார் மரணத்தைக் குறைத்தது என்று மேடையில் பேசுபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வாட்ஸ்அப் பிறந்தது 2009-ல். தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2001–03-ல் 134 ஆக இருந்த தாய்மார் மரணம், 2007–09-லேயே 97 ஆகிவிட்டது. அதைச் செய்தது செயலி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் செவிலியர்களை வைத்ததும், சீமாங் மையங்களைத் திறந்ததும், மருந்து தட்டுப்பாடு இல்லாமல் வாங்கி அனுப்பியதும், 108 வண்டி ஓடியதும் செய்தன. ஆள், ரத்தம், மருந்து, வண்டி. எல்லாம் காசு செலவழித்து வாங்கியவை. பிறகும் எண்ணிக்கை குறைந்தது, 2018–20-ல் 54 ஆனது. குழுக்களுக்கும் அதில் பங்கிருக்கும், மறுக்கவில்லை. அதே ஆண்டுகளில் கேரளத்தில் 19. அவர்கள் வைத்திருந்ததும் நம்முடைய அதே வாட்ஸ்அப்தான்.

டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். இரவோ பகலோ, எந்தச் செயலியிலும் பேசட்டும். அந்தக் குழுவில் மருத்துவம் பார்ப்பவர்கள் மட்டும் இருக்கட்டும். எண் கேட்பவருக்கும் விளக்கம் கேட்பவருக்கும் வேறு குழு வைத்து, அதில் பொழுது விடியும்வரை ‘நோட்டட்’ போட்டுக்கொள்ளட்டும். தாயின் விவரம் அரசின் சொந்தப் பாதுகாப்பில் இருக்கும் ஓர் அமைப்பில் போகட்டும். உதவி கேட்ட செய்தியை டாக்டருக்கு எதிரான சாட்சியாக்கக் கூடாது என்று எழுத்தில் ஓர் ஆணை வரட்டும். குழுவில் ஒரு டாக்டர் ரத்தம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று பெயர் போட்டு ஒருவரை நியமிக்கட்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் 17(பி) அவருக்குப் போகட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு கர்ப்பிணி இருப்பார். பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள். இன்று இரவு மயக்க மருத்துவர் இருக்கிறாரா? ரத்த சேமிப்பு மையத்தில் எந்த க்ரூப், எத்தனை யூனிட் இருக்கிறது? 108 எத்தனை நிமிடத்தில் வரும்? பதில் சொல்லாவிட்டால் கிராம சபையில் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள். “எங்களிடம் வாட்ஸ்அப் குழு இருக்கிறது” என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பிவிடாதீர்கள். ரத்தத்தையும் மயக்க மருத்துவரையும் யாரும் ஃபார்வர்டு செய்ய முடியாது. பணம் ஒதுக்கி, ஆள் நியமித்தால்தான் இரண்டும் வந்து சேரும்.